அருணாச்சலம் சாப் எழுதிய விடுப்புப் பட்டியல்

மேடையில் இருக்கும் கர்னல் சாய்கிருஷ்ணா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லலிதா அண்ணி அவர்களே, கட்கியிலிருந்தும் ஆகுர்டியிலிருந்தும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம். நான் ராகவேந்திரா, ஓய்வுபெற்ற ஹவில்தார். மராத்தி நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று தமிழிலேயே பேசச் சொல்லி அண்ணி கேட்டிருக்கிறார்கள்.

சென்ற வியாழக்கிழமை காலை மாரடைப்பில் நம்மை விட்டுப் போன அண்ணியின் கணவர், நாங்கள் மரியாதையாக 'சாப்' என்று கூப்பிட்ட சுபேதார் அருணாச்சலம் அவர்களை, இங்கே புனேயில் போசரி தொழிற்சாலையில் தண்ணீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொண்டவராக உங்களில் பலருக்குத் தெரியும். நான் அவரை அறிந்துகொண்டது தெற்கு சூடானில். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐ.நா. அமைதிப் படையில் எங்கள் பொறியாளர் கம்பெனி அங்கே ஓராண்டு இருந்தது. சாலை போடுவது எங்கள் வேலை. வெயில், புழுதி, டின்னில் வரும் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேசப் பதினைந்து நிமிஷம். வீரக்கதை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முகாமில் முடி வெட்டுகிறவர் காய்ச்சலில் படுத்ததும், சாப் தானே கத்திரியை எடுத்தார். முதல் தலை டிரைவர் கேஷவுடையது. அதைப் பாழாக்கிவிட்டார். கேஷவ் தொப்பியைக் கழற்றவே கூச்சப்பட்டான். மறுநாள் காலை அணிவகுப்பில் சாப் முழு மொட்டையோடு வந்து நின்றார்.

அப்படிப்பட்டவர் மீது எனக்குக் கோபம் இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போது என் மனைவி அமலா இங்கே திகியில் தனியாக இருந்தாள். ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, ஓய்வில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த மாதம் விமானத்தில் ஒருவருக்குத்தான் இடம். யார் போவது என்று பரிந்துரைக்க வேண்டியவர் சாப். கேஷவின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. கேஷவ் பெயரை எழுதினார்.

கேஷவ் போன இரண்டாவது வாரம் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

மழைக்காலம். மண் ஓடுதளம் சேறாகி ஒன்பது நாள் எந்த விமானமும் இறங்கவில்லை. முகாமில் சாப் பொறுப்பில் இருந்த தண்ணீர் பிளாண்டுக்கு நான் போய், எல்லோர் முன்னாலும் சாப்பைப் பார்த்துக் கத்தினேன். "இதே உங்க வீடா இருந்தா விட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் பேசினேன்.

அவர் மோட்டாரை நிறுத்தினார். "உன்னை அனுப்பாதது நான்தான் ராகவா. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

மேலதிகாரியிடம் அப்படிப் பேசினால் படையில் என்ன நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். கம்பெனி கமாண்டர் என்ன சத்தம் என்று விசாரித்தபோது, மோட்டார் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்று சாப் சொல்லிவிட்டார். அந்தக் கமாண்டர் இதோ மேடையில் இருக்கிறார். கர்னல் சார், ஏழு வருஷம் கழித்து உங்களுக்கு உண்மை தெரிகிறது. மன்னிக்க வேண்டும்.

அந்த ஒன்பது நாளும் சாப் என்னைத் தேற்ற முயலவில்லை. காலையில் வந்து, ஃபில்டர் கழுவ ஆள் வேண்டும் என்று கூட்டிப்போவார். மதியம் தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். நான் சாப்பிடும்வரை அவரும் சாப்பிட மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தன் பதினைந்து நிமிஷத்தையும் எனக்கே கொடுத்தார்.

இங்கே என்ன நடந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். செய்தி வந்த அன்று மதியமே, தாபோடியில் இருந்த லலிதா அண்ணி ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முகாமின் அவசர ஃபோனில் சாப் சொல்லி வந்தார்கள். அண்ணியை அமலா அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். பதினோரு நாள் கூடவே இருந்தார்கள். ரசம் வைத்தார்கள், துக்கம் கேட்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினார்கள். குழந்தைக்கு வாங்கிய துணிகளை என்ன செய்யட்டும் என்று அமலாவையே கேட்டு, அவள் சொன்னபடி கண்ணில் படாமல் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

ஊர் திரும்பிய பிறகு சாப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்ப எழுதச் சொன்னாலும் கேஷவ் பேரைத்தான் எழுதுவேன். ஆனா உன் பேரை விட்டது எனக்கு ஒரு நாளும் மறக்கலை" என்றார். நியாயம் என்று தெரிந்தே செய்ததை இப்படிச் சுமந்த மனிதரை நான் வேறு எங்கே பார்த்தேன்? எங்கும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவரும் அண்ணியும் செய்ததும் அதுதான். கணவன் வெளிநாட்டுப் பணியில் இருக்க, புனேயில் தனியாக இருக்கும் பெண்களுக்கு ஆஸ்பத்திரியா, சிலிண்டரா, பள்ளிக்கூடமா, இருவரில் ஒருவர் போய் நிற்பார்கள். இன்று அப்படி நான்கு குடும்பங்கள் இருக்கின்றன.

அந்த வேலை நிற்கக் கூடாது. நிற்காது என்று அண்ணி முன்னால் உறுதி சொல்கிறேன். திகியில் இருக்கும் ரோஹிணிக்கு எட்டாவது மாதம்; கணவர் லெபனானில். செவ்வாய்க்கிழமை அவளோடு ஸ்கேனுக்கு வருவதாக சாப் சொல்லியிருந்தாராம். அமலா போகிறாள். பத்து மணிக்கு அவள் வீட்டு வாசலில் இருப்பாள்.

மற்ற மூன்று வீடுகளுக்கும் ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் நான் கதவருகே நிற்கிறேன். வந்து பெயர் கொடுங்கள்.