ஒரு கம்பி அறுந்தா

டீய எடுத்துக்குங்க வளவண்ணே, ஆறிப்போவுது. பொட்டிய அங்கயே வைங்க, நான் தொட மாட்டேன். பிரிச்சுக் காட்ட வேணாம், அட்டையப் பாத்தாலே தெரியுது. கிடாருல கம்பியக் கவ்விப் புடிக்கிற லாக் பிரிட்ஜு, புது மாடலு. கும்பகோணத்துல எந்தக் கடையில கிடாரு கெட்டாலும் குடவாசலுக்கு, இந்த ஷம்சாத்துகிட்டதான் அனுப்புறாங்க. மாசத்துக்கு நாலு பிரிட்ஜு கழட்டி மாட்டுறேன். எனக்கே காட்ட வந்தீங்களா?

ஓ, எங்க ஹஸ்ஸான் அண்ணனுக்கா. அன்பளிப்பு. உங்க பாட்டுக் கச்சேரிக் குழுவுக்கு நாப்பதாவது வருசம், பழைய ஆளுங்க எல்லாரும் மேடையேறணும், அண்ணனும் வந்து கிடாரு வாசிக்கணும். நல்லாருக்குண்ணே. இருபத்தொம்பது வருசம் இந்தத் தெருப்பக்கம் எட்டிப் பாக்கல, இப்ப பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டீங்க.

அண்ணன் இல்ல. பேராவூரணிக்குத் தேங்கா லோடு ஏத்திவிடப் போயிருக்கு. அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துரும். அதுக்குள்ள நீங்க இருக்கறதா கெளம்பறதான்னு நான் சொல்றேன். உக்காருங்க.

அந்தா, செவுத்துல தொங்குது பாருங்க, செவப்பு. அதேதான். எம்பத்தாறுல குவைத்லேந்து எங்க மாமா கொண்டாந்தது. செகண்ட் ஹேண்டு. அப்பவே அங்க அத விட நல்ல மாடல்லாம் வந்தாச்சு, மாமாவுக்கு என்ன தெரியும், பாக்கப் பளபளன்னு இருக்கேன்னு வாங்கிட்டாரு. அதுல இருக்கறது இந்த லாக் பிரிட்ஜுலயே ஆதிகாலத்து ஜாதி. அதுலேந்து நீட்டிகிட்டிருக்கற கைப்பிடிய அமுக்குனா சத்தம் அப்படியே பள்ளத்துல எறங்கும், விட்டா பழைய எடத்துக்கே வந்து நிக்கும். கம்பி நழுவக் கூடாதுல்ல, அதுக்குக் கழுத்துப் பக்கம் ஒரு கவ்வி, பிரிட்ஜுப் பக்கம் ஒரு கவ்வி. ரெண்டையும் அலன் கீ போட்டு இறுக்கிரணும். ஆனா இறுக்கும்போதே சுருதி மயிரிழை ஏறிக்கும், அத அப்புறமா சரிபண்ண அதுல திருகு கெடையாது. மறுபடி கவ்வியத் தளத்தி, மறுபடி சுருதி சேத்து, மறுபடி இறுக்கணும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல நீங்க மைக்ல விழாக் கமிட்டி பேரையெல்லாம் படிப்பீங்கல்ல, அப்ப அண்ணன் ஓரமா குனிஞ்சுகிட்டு நிக்குமே, எதுக்குன்னு நெனச்சீங்க? ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?

தொண்ணூறு வாக்குல பிரிட்ஜு மேலயே ஆறு சின்னத் திருகு வச்ச மாடல் நம்மூருக்கும் வந்துச்சு. விரலால திருப்புனா போதும், அலன் கீ வேணாம். நல்லதுதான். ஆனா பின்னாடியே காப்பி சரக்கு வந்துச்சு பாருங்க, அதுல இரும்பே சப்ப. பிரிட்ஜு ரெண்டு ஆணி மேல கத்தி மாதிரி ஒரு விளிம்ப வச்சுத்தான் நிக்கும், அது மழுங்கிப்போச்சுன்னா அமுக்குனது திரும்பி வராது. அப்புறம் கை உரசாம தாழ்வா செஞ்சாங்க. விளிம்பே வேணாம்னு பேரிங் வச்சுப் பாத்தாங்க. முன்னாடி கம்பி முனையில இருக்கற குண்ட வெட்டி எறிஞ்சாத்தான் மாட்ட முடியும், இப்ப வெட்டாமலே மாட்டலாம்.

இல்லண்ணே, சுத்தி வளைக்கல. விஷயத்துக்குத்தான் வரேன். உங்களுக்கு அவசரம்னா வாசக்கதவு தெறந்துதான் இருக்கு.

முன்னாடி ஆறு கம்பி இழுக்குது, பின்னாடி ஸ்பிரிங்கு இழுக்குது, நடுவுல அந்த பிரிட்ஜு அந்தரத்துல நிக்குது. புரியுதா? ஒரு கம்பி அறுந்துச்சுன்னா ஸ்பிரிங்கு கை ஓங்கிரும். மிச்சம் அஞ்சு கம்பியும் அந்த நிமிசமே சுருதி ஏறிரும். எந்தக் கொம்பன் வாசிச்சாலும் அபஸ்வரம்தான் வரும். குத்தாலம் மார்க்கெட்டுத் திடல்ல அதுதான் நடந்துச்சு. பொங்கல் விழா, சாயங்காலம் ஏழு மணி, நடுப் பாட்டு. முதல் கம்பி பட்டுனு போச்சு, பாட்டே அலங்கோலமாயிருச்சு. கூட்டம் கூச்சல் போட்டுச்சு. நீங்க என்ன செஞ்சீங்க?

மறந்துட்டீங்களா? எனக்கு மறக்கல. மைக்கப் புடிச்சுச் சிரிச்சுகிட்டே, கிடார் தம்பி இன்னைக்குத் தண்ணி போட்டுட்டு வந்திருச்சு, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னீங்க. சனம் கைதட்டிச் சிரிச்சுது. உங்க கச்சேரி தப்பிச்சுது.

தமாசா? எங்க அண்ணன் அந்த வாடையே அறியாதுண்ணே. மறுநாள் எங்க அத்தா ஜும்மாவுக்குப் போறாரு, ஜமாத்துல நாலு பேரு அவருகிட்டயே கேக்குறாங்க, உங்க புள்ள குடிச்சிட்டு மேடையேறுதாமேன்னு. அப்துல் மஜீது மவன்னா ஊருல ஒரு மதிப்பு இருந்துச்சு. அண்ணனுக்குப் பேசி வச்சிருந்த மர்யம் வீட்டுல, நிச்சயம் பண்ண தேதிய அவங்களே வேணாம்னுட்டாங்க. கம்பி அறுந்துச்சு அத்தா, கம்பி அறுந்துச்சு அத்தான்னு அண்ணன் கிடாரத் தூக்கிவந்து காட்டுது. ஒரு கம்பி அறுந்தா மத்த அஞ்சும் ஏண்டா கெடணும், கத வுடுறியான்னு கேட்டாரு அத்தா. அவருக்கு எப்படி வெளங்கும்? மௌத்தாயி கண்ண மூடுற வரைக்கும் அண்ணன் மூஞ்சியப் பாத்துப் பேசல. அண்ணன் சவுதிக்குப் போயி பதினெட்டு வருசம் லாரி ஓட்டிட்டு வந்துச்சு. இன்னிவரைக்கும் அந்தச் செவுத்துப் பக்கம் கைய நீட்டல.

அந்தப் பொட்டியில இருக்கறத இப்ப நீங்களே பாருங்க. பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு நிறுத்தி இருக்கா? அதப் போட்டுட்டா ஒரு கம்பி அறுந்தாலும் மத்த அஞ்சும் அசையாது. அன்னைக்கு அந்தச் செவப்புல இது ஒண்ணு இருந்திருந்தா எங்க வீடு வேற மாதிரி இருந்திருக்கும். அத இப்பக் கொண்டாந்து ரிப்பன் கட்டிக் குடுக்குறீங்க. எனக்கு வயிறு எரியுதுண்ணே. தூக்கி வாய்க்கால்ல எறியலாம்னு வருது.

மன்னிப்பு எங்கிட்ட எதுக்கு? என்னையா குடிகாரன்னீங்க? மைக்ல சொன்னத மைக்லதான் திருப்பி எடுக்கணும். அதே குத்தாலம் திடல்ல, பாட்டுக்கு முன்னாடி. அது குடிக்கல, கம்பிதான் அறுந்துச்சு, நான் சொன்னது பொய்னு. சொல்லுவீங்களா?

சத்தியமா? சரி. அப்ப இருங்க.

என்ன கேட்டீங்க?

ஆமா, அன்னைக்குக் காலையிலதான் புதுக் கம்பி போட்டுது. அண்ணன் உங்ககிட்ட சொல்லுச்சா, மேடையேறதுக்கு முன்னாடி? கம்பியெல்லாம் புதுசுண்ணே, கவலப்படாதீங்கன்னு? புதுக் கம்பி எப்படி அறுந்துச்சுன்னு நீங்க கேக்குறது நியாயந்தான். இத்தன வருசத்துல அத யாரும் கேக்கல.

புதுசுன்னு அண்ணன் நெனச்சுகிட்டு இருக்கு. அண்ணன் தொழுவப் போன நேரத்துல நான் கிடார எடுத்தேன். அப்ப எனக்குப் பதினாறு வயசு. பொம்பளப் புள்ளைக்குக் கிடாரு எதுக்குன்னு அத்தா தொட வுட மாட்டாரு, அண்ணன் இல்லாதப்ப எடுத்து எடுத்துப் பழகுனதுதான் எல்லாம். அந்தக் கைப்பிடிய மேல இழுத்துப் பாத்தேன், முதல் கம்பி போச்சு. வேற கம்பி கெடையாது. குவைத்லேந்து வருசத்துக்கு ரெண்டு செட்டுதான் வரும். அந்த பிரிட்ஜு குண்டில்லாத வெறும் கம்பியக் கவ்வுறதுதானே, அண்ணன் கழட்டிப் போட்ட பழசயே எடுத்து மாட்டிட்டேன். கவ்வி கடிச்ச தழும்பு அதுல இருந்துச்சு. தேச்சுத் தொடச்சு வச்சேன், பாத்தா தெரியல. அந்தத் தழும்புலதான் அறுந்துச்சு.

அத்தாகிட்ட அண்ணன் அப்படிக் கெஞ்சுறப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். சொல்லல.

பஸ்ஸு வந்துருச்சு போல. ஹாரன் கேக்குது. நீங்க எந்திரிக்க வேணாம், உக்காருங்க. அண்ணன் உள்ள வந்ததும் மன்னிச்சுக்கன்னு ஆரம்பிச்சுறாதீங்க வளவண்ணே. இந்த இருபத்தொம்பது வருசமும் அதோட சேந்து உங்களத் திட்டிகிட்டு இருந்தவ நான். மொதல்ல நான் பேசிக்கறேன்.