பொறுப்பு தூபாவுக்கு, பாஸ்வேர்டு அண்ணாச்சிக்கு

ஜரிகைச் சால்வையும் சந்தன மாலையுமாக இந்த அவையின் நடுவே வீற்றிருக்கும் தலைவர், தியாகராய நகர் ஜவுளி வணிகர், நம் ‘நிழலகம்’ விடுதியின் நிறுவனர் நல்லசிவம் அண்ணாச்சி அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, இந்தப் பெண் என்ன பேசப் போகிறாளோ என்று இப்போதே விசிறிக்கொள்ளும் அறங்காவலர்களே! ஊரையும் உறவையும் விட்டு, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அடையாற்றுக்குச் சிகிச்சைக்கு வந்திருக்கும் அன்னையரே! அக்காமாரே! மின்விசிறி எட்டாத மூலையிலும் முகம் சுளிக்காமல் நிற்கும் மயிலாப்பூர்த் தோழர்களே! சாப்பாட்டுக் கூடத்தின் கதவை ஓரக்கண்ணால் பார்த்தபடியே எனக்குக் காது கொடுக்கும் பின்வரிசை நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் தாரணி. பகலில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள். மாலையில் பட்டிமன்ற மேடைகளில் தொண்டை வறளப் பேசுபவள். ‘தன்னலமற்ற தொண்டு’ என்ற தலைப்பில் நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும். நான் அதைப் பேசப் போவதில்லை. எனக்குக் கோபம். அடக்கி அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. ஆகவே அந்தக் கோபத்தைத்தான் பேசப் போகிறேன்.

யாரோ கை தட்டுகிறீர்கள். பொறுங்கள், ஐயா. கடைசியில் தட்ட மனம் வருகிறதா என்று பார்ப்போம்.

நிழலகம் நல்ல விடுதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கண்ணீரோடு வருகிறவர்களுக்குக் கட்டில் தருகிறது. களைத்து வருகிறவர்களுக்குக் கஞ்சி தருகிறது. காலையானால் வாசலில் வேன் வந்து நிற்கிறது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறது. நாளைக்கு யாருக்குச் சிகிச்சை, யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்ற செய்தி முந்தின நாள் சாயந்திரமே ஓட்டுநர் ஜவஹருக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் போய்விடும். யார் அனுப்புவது? அலுவலகக் கணினி, தானாகவே. தினமும் இந்த நேரத்துக்கு இந்த வேலையைச் செய் என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால் போதும். மனிதர் தொடாமலே அது செய்துகொண்டிருக்கும்.

அதைச் சொல்லி வைத்தவர் அண்ணாச்சியின் அக்கா மகன் மகேஷ். அதோ, மேடை ஓரத்தில் நிற்கிறார். தம்பி, போகாதீர்கள், உங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது! எந்த வேலையானாலும் அது யாருடைய பெயரில் நடக்க வேண்டும் என்று கணினி கேட்கும். பெயரைக் கேட்கும், பாஸ்வேர்டைக் கேட்கும். மகேஷ் யோசித்தார். முதலாளி பெயரைச் சொன்னால் எந்தக் கதவுதான் திறக்காது? அண்ணாச்சியின் பெயரையே கொடுத்தார். அன்றைக்கு இருந்த பாஸ்வேர்டையும் கொடுத்து வைத்தார்.

இப்போது அண்ணாச்சியின் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். அவர் கடையில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஆயுத பூஜைக்குக் கணினிக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, கிழக்கு முகமாக உட்கார்ந்து, எல்லோரையும் அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, தம் கையாலேயே புதிய பாஸ்வேர்டு போடுவார். புது வருஷத்துப் பாஸ்வேர்டு! யாருக்கும் சொல்ல மாட்டார். சிரிக்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுவது நல்ல பழக்கம்தான். நானே கும்பிட்டு வரவேற்கிறேன். ஆனால் ஐயா, நீங்கள் மாற்றியது உங்களுக்குத் தெரியும்; உங்கள் பெயரில் தினமும் ஓடுகிற அந்த வேலைக்குத் தெரியுமா? அதனிடம் யார் சொன்னது?

அன்று சாயந்திரமும் அது வழக்கம்போலக் கிளம்பியது. பழைய பாஸ்வேர்டை நீட்டியது. கணினி ‘நீ யார்?’ என்று கேட்டது. அவ்வளவுதான். வேலை வாசற்படியிலேயே நின்றுவிட்டது. பட்டியல் போகவில்லை. செய்தி போகவில்லை. மறுநாள் காலை நோயாளிகள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஜவஹரைத் திட்டினார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? என்னிடம் சொன்னார்: “மெசேஜ் வந்தா வண்டி எடுப்பேன்மா. வரலன்னா இன்னா பண்றது? யாரை ஏத்தணும், எப்போ ஏத்தணும்னு எனக்கு இன்னா கனவா வரும்?”

அன்று அந்த விடுதியில் தலையைச் சொறியாமல் வேலையைப் பார்த்தவர் ஒரே ஒருவர். அலுவலகத்தில் கணினி பார்க்கும் தூபா. ராயப்பேட்டைப் பெண். தானாகப் போகாத செய்தியைத் தானே போனில் சொன்னாள். ஒவ்வொரு சாயந்திரமும், ஜவஹருக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும், ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, கணினியில் என்ன கோளாறு என்று திறந்து பார்க்கவும் முயன்றாள். திரையில் வந்தது இரண்டே வார்த்தை: அனுமதி மறுக்கப்பட்டது.

தூபா நேராக அண்ணாச்சியிடம் போனாள். “சார், சாயந்திரம் தானா போற மெசேஜ் போகல. என்னான்னு பாக்கலாம்னா எனக்கு பர்மிஷன் இல்லன்னு காட்டுது. நீங்க ஒரு தடவ பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க, நான் உங்க எதிர்லயே பாத்துடறேன்.”

அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? “அது மொதலாளி பாஸ்வேர்டும்மா. ஒனக்கு எதுக்கு அது? மெஷின் அது பாட்டுக்கு ஓடும். நீ ஒன் வேலையப் பாரு.”

அவள் வேலையைத்தானே ஐயா பார்த்தாள்! உங்கள் வேலையையும் சேர்த்தல்லவா பார்த்தாள்!

திரும்பவும் கேட்டாள். திரும்பவும் அதே பதில். பிறகு அவள் தம்பிக்கு நிக்காஹ் வந்தது. விடுப்புக் கேட்டாள், கிடைத்தது. போகும்போது மகேஷிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்: “நாளைக்கு நான் இல்ல. சாயந்திரம் யாராவது எல்லாருக்கும் போன் பண்ணிடுங்க.” மகேஷ் சொன்னார்: “அதான் ஆட்டோமேட்டிக்காச்சே, நீ போ.” தம்பி, அது ஓடவில்லை என்று ஊருக்கே தெரியும், உங்கள் ஒருவருக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது!

யாரும் போன் செய்யவில்லை. மறுநாள் காலை, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கும் சுப்பம்மா அக்கா, மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது அவருக்கு. தண்ணீர் விழுங்கினாலே வலிக்கும். வேன் வரும், வேன் வரும் என்று வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். வேன் வரவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த நேரம் போயே போய்விட்டது. அன்றைய சிகிச்சை அன்று நடக்கவில்லை. ஒரு நாள்தானே, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் ஒரு பெரியவர். ஐயா, வலி உங்கள் கழுத்தில் இல்லை. அந்த ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று அவரைக் கேளுங்கள். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார்.

சரி, தவறு நடந்துவிட்டது. பழி யார் தலையில் விழுந்தது? பாஸ்வேர்டை மாற்றிய அண்ணாச்சி தலையிலா? முதலாளி பெயரில் வேலையைக் கட்டி வைத்த மகேஷ் தலையிலா? இல்லை! நிக்காஹ் வீட்டுப் பிரியாணி டப்பாவோடு, எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று சிரித்துக்கொண்டே வந்தாளே, அந்தத் தூபாவின் தலையில் விழுந்தது. விடுதி வாசலில், அத்தனை பேர் முன்னால், “நீதான் எதையோ அழுத்தி நிறுத்திட்டே, இனிமே வராதே” என்று அனுப்பினீர்களே!

அண்ணாச்சி, நிதானமாக யோசித்துப் பாருங்கள். திறந்து பார்க்கவே அனுமதி இல்லாத ஒன்றை அவள் எப்படி நிறுத்தியிருப்பாள்? பூட்டிய அறைக்குள் போக வழியில்லாதவள், அறைக்குள் இருந்த விளக்கை அணைத்துவிட்டாள் என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

மணி அடிக்கிறார்கள். நேரம் முடிந்துவிட்டதாம். அடியுங்கள், தம்பி, நன்றாக அடியுங்கள். சுப்பம்மா அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தபோது இந்த மணியை அடிக்க ஒருவரையும் காணோமே!

தூபாவை அனுப்பிய பிறகு மகேஷ் களத்தில் இறங்கினார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறதா? சரி, அனுமதியை அள்ளி விடுவோம் என்று, நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் ஃபோல்டரை எல்லோருக்குமாகத் திறந்து வைத்துவிட்டார். யார் பெயர், என்ன நோய், எந்த ஊர், என்ன எண் என்று விடுதி வைஃபையில் நுழைந்தவர் யாரும் பார்க்கலாம், அழிக்கலாம். தேவைப்பட்டவளுக்கு ஒரு துளி இல்லை. தெருவில் போகிறவருக்கு ஒரு குடம்! அப்படித் திறந்தாவது வேலை ஓடியதா? ஓடவில்லை. எப்படி ஓடும்? கோளாறு ஃபோல்டரில் இல்லை. யார் பெயரில் ஓடுகிறது என்பதில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். முதலில் அந்த ஃபோல்டரை மூடினேன். பிறகு, எந்த மனிதருடைய பெயரிலும் இல்லாமல், இந்த வேலைக்கென்றே கணினியில் ஒரு தனிக் கணக்கு ஏற்படுத்தினேன். நாளைய பட்டியலைப் படிக்கலாம், செய்தியை அனுப்பலாம். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர முடியாது. ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் மறுப்புதான் வந்தது! யாரும் உட்கார்ந்து திறக்காத நேரத்திலும் தானே ஓடலாம் என்ற அனுமதி ஒன்று தனியாக உண்டு, அதையும் கொடுத்தேன். அன்று சாயந்திரமே ஜவஹர் போனில் கத்தினார்: “வந்துச்சும்மா! பேரு, நேரம், எல்லாம் கரெக்டா கீது!” இனி அண்ணாச்சி விஜயதசமிக்கு விஜயதசமி அல்ல, வெள்ளிக்கு வெள்ளி தம் பாஸ்வேர்டை மாற்றட்டும். வேன் வரும்.

கை தட்டாதீர்கள்! இதற்குத் தட்டாதீர்கள்! என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

இதையெல்லாம் செய்ய எனக்கு முதலாளி பாஸ்வேர்டு வேண்டியிருந்தது. கேட்டேன். அண்ணாச்சி என்ன செய்தார்? எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தாமே தட்டித் திறந்துவிட்டு, “பாருங்கம்மா, நிதானமா பாருங்க” என்றார். காபி வேறு வந்தது! அதே அறை, அதே கணினி, அதே கேள்வி. எனக்குக் காபி, தூபாவுக்குக் கதவா? என் நெற்றிப் பொட்டையும் அவள் முக்காட்டையும் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி அப்படிப்பட்டவர் அல்லர். அவர் கடையில் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் நான் வெளியிலிருந்து வந்தவள், மேடையில் பேசுகிறவள். அவள் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவள். சம்பளம் வாங்குகிறவளுக்குச் சாவி எதற்கு என்று நினைத்தீர்கள். அதுதானே, ஐயா?

அவையோரே! இது ஒரு விடுதியின் கதையா? பாண்டி பஜாரில் எத்தனை கடை? பெசன்ட் நகரில் எத்தனை அலுவலகம்? பொறுப்பைக் கொடுக்கிறோம், அனுமதியைக் கொடுப்பதில்லை. அனுமதியைக் கேட்டால் அதட்டுகிறோம். அதட்டலைத் தாங்கிக்கொண்டு அவர்கள் கைவலிக்கக் காரியம் பார்த்தால் கண்டுகொள்வதில்லை. காரியம் கெட்டுப்போனால் மட்டும் கண் திறந்து பழியைக் கொடுக்கிறோம்! வேலை அவர்களுக்கு, வெற்றி நமக்கு. தாழ்ப்பாள் நம் கையில், தண்டனை அவர்கள் தலையில். ஒரு கணினிக்குக் கொடுத்த அனுமதியை ஒரு பெண்ணுக்குக் கொடுக்க மனம் வரவில்லையே, நமக்கு வெட்கமாக இல்லையா?

என்ன அக்கா? சுப்பம்மா அக்கா எழுந்து ஏதோ சொல்கிறார். தொண்டை வலியோடு சொல்கிறார், கொஞ்சம் அமைதியாக இருங்கள். “அண்ணாச்சி, அந்தப் புள்ள தெனமும் எனக்குப் போன் பண்ணி, சாப்ட்டீளான்னும் கேக்கும். அதையப் போய் எதுக்குய்யா அனுப்புனிய?”

கேட்டீர்களா? சிகிச்சையை இழந்தவரே கேட்கிறார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். தூபா திரும்ப வர வேண்டும். வாசலில் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பழியை, எல்லோர் முன்னிலையிலும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் பார்க்கிற வேலைக்கு வேண்டிய அனுமதி அவள் பெயரிலேயே இருக்க வேண்டும்.

அண்ணாச்சி தலையை அசைக்கிறார். என்னவோ சொல்கிறார். “நாளைக்கு வரச் சொல்லிடும்மா” என்கிறார்.

நன்றி, அண்ணாச்சி. மனமார்ந்த நன்றி. ஆனால் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. போகச் சொன்ன வாய் உங்களுடையது. வரச் சொல்ல வேண்டியதும் அதே வாய்தான். தூபாவின் எண்ணை அழைத்துவிட்டேன், மணி போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் போனையும் ஒலிவாங்கியையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டு இறங்குகிறேன்.

இவ்வளவு நேரம் என் கோபத்தைத் தாங்கிக்கொண்ட அவைக்கு நன்றி. சோற்றுக் கூடத்தைத் திறக்காமல் காத்திருந்த சமையல்காரர்களுக்கு நன்றி. வணக்கம்.

அண்ணாச்சி, அவள் எடுத்துவிட்டாள். பேசுங்கள்.