ஆரின் டாக்கெட் ஒரே தடவை சொன்ன வசனம்

அழகிய இந்த அரங்கத்தின் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே! ஆளை மூழ்கடிக்கும் பனியிலும் ஆண்டுச் சந்தாவை விடாத டேட்டன் நகரத்துப் பெரியோர்களே! அழுகைக் காட்சி வரும்போது சரியாகப் பார்த்து மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் அருமைத் தாய்மார்களே! பாராட்டு விழா என்று முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கும் எங்கள் ஆரின் டாக்கெட் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த அரங்கத்தில் மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் பலகையை இயக்குபவன். இருட்டில் உட்கார்ந்திருப்பவனை வெளிச்சத்தில் நிறுத்திப் பேசச் சொன்னது உங்கள் தவறு. சுருக்கமாகப் பேசு என்று சொன்னது அதைவிடப் பெரிய தவறு.

யார் இந்த ஆரின் டாக்கெட்? டயர் ஆலைத் தொழிலாளியின் மகன். இதே மேடையில் தட்டேந்தி வந்து, ‘காப்பி தயார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போன இளைஞன். பிறகு சினிமாவில் நடிக்கக் கலிஃபோர்னியாவுக்குப் பேருந்து ஏறினார். அங்கே போய் என்ன செய்தார்? செத்தார்! சுடப்பட்டுச் செத்தார், சுரங்கத்தில் செத்தார், சுறா கடித்துச் செத்தார். தொலைக்காட்சியில் அவர் சாகாத வாரம் உண்டா? அவர் முகம் தெரியாத வீடு இல்லை. பெயர் தெரிந்த வீடும் இல்லை!

ஆற்றோரச் சிற்றுண்டிக் கடையில் ஒரு நாள், பரிமாறிய அம்மாள் அவரை உற்றுப் பார்த்தாராம்.

“எங்கேயோ பாத்திருக்கேனே... எங்க வீட்டுக் கூரை மாத்தினது நீங்கதானே?”

“இல்லம்மா, நான் நடிகன்.”

“என்னவா வேணா இருங்க. கூரை இன்னும் ஒழுகுது.”

யாரப்பா அங்கே மாடியில் விசில் அடிப்பது? அரங்கத்துக்குள் விசில் கூடாது. அந்தக் காலத்தில் திரையை இறக்கச் சொல்லும் சைகையே விசில்தான், அதைக் கேட்டு மேலே இருப்பவர்கள் கயிற்றை அவிழ்ப்பார்கள். மணல் மூட்டை தலையில் இறங்கும். கைதட்டுங்கள், போதும்.

கடைசியாக ஒரு படத்தில் ஷெரிஃப், அதாவது ஊர்க் காவல் தலைவர் வேடம் வந்தது. மகனைக் கைது செய்துவிட்டு அந்த ஷெரிஃப் அழுத அழுகையில் நாடே நனைந்தது. விருது வந்தது, விருந்து வந்தது, வருடக் கணக்கில் ஓடப்போகும் தொடருக்கு ஒப்பந்தமும் வந்தது. மனிதர் என்ன செய்தார்? ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டு, தலை நரைத்த வயதில் டேட்டனுக்கு வந்து நாடகத்தில் வேடம் கேட்டார்!

ஏன்? எங்கள் மேடை மேலாளர் மார்வாவும் அதைத்தான் கேட்டார். நாங்கள் எல்லோரும் பயப்படும் ஒரே ஆள் மார்வா.

ஆரின் சொன்னார்: “அந்த அழுகை நாலஞ்சு தடவை எடுத்து வெட்டி ஒட்டினது மார்வா. நான் நடிகனா, இல்ல ஒட்டுப்போட்ட ஆளான்னு எனக்கே தெரியல.”

“அதைத் தெரிஞ்சுக்க எங்க மேடைதான் கிடைச்சுதா?” என்றார் மார்வா.

ஒத்திகை தொடங்கியது. தொல்லையும் தொடங்கியது. வசனம் தடுக்கினால் போதும், “மன்னிக்கணும், இன்னொரு தடவை!” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று பழைய இடத்துக்குப் போய் நின்றுகொள்வார். படப்பிடிப்புப் பழக்கம்! “ஆரின், இங்க வெட்டவும் ஆள் இல்ல, ஒட்டவும் ஆள் இல்ல” என்று மார்வா கத்தாத நாளில்லை. பொறுத்துப் பார்த்த அரங்க நிர்வாகி, கடைசியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “தொடக்க நாளுக்கு முன்னாடி சனங்க முன்னால போட்டுப் பாக்கிற முன்னோட்டக் காட்சியில ஒரு தடவை அப்படி நின்னீங்கன்னா, தொடக்க நாளன்னிக்கு மாற்று நடிகர்தான் ஏறுவார்.”

முன்னோட்ட நாள் வந்தது. அரங்கம் நிறைந்தது. இரண்டாம் அங்கம். மனைவிக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிட்ட கணவன், அதை அவளிடம் ஒப்புக்கொள்ளும் காட்சி. மனைவியாக நடிப்பவர் டெல்ஃபின். ஆரின் வாய் திறந்தார். வசனம் வரவில்லை. வந்தது எது தெரியுமா?

“மன்னிக்கணும்... இன்னொரு தடவை.”

சிரிக்காதீர்கள்! அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. மாற்று நடிகர் பக்கத் திரையோரம் எழுந்தே நின்றுவிட்டார். ஆரின் முகத்தில் ரத்தமில்லை. அது ஒளியமைப்பு அல்ல. நான் உறுதியாகச் சொல்வேன்.

டெல்ஃபின் கையிலிருந்த துணியை மேசைமேல் விசிறியடித்தார்.

“என்னய்யா இன்னொரு தடவை? இத்தனை வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றேன். ஒரே ஒரு தடவை, என் மூஞ்சியப் பாத்து உண்மையைச் சொல்லு!”

இந்த வசனம் நாடகத்தில் இல்லை. ஆரின் அவரைப் பார்த்தார். பழைய இடத்துக்குத் திரும்பத் தூக்கிய காலை, அப்படியே ஊன்றினார்.

“வித்துட்டேன்டி” என்றார். “பயந்து போய் வித்துட்டேன். உன்கிட்ட சொல்லத்தான் அதைவிடப் பயமா இருந்துச்சு.”

இதுவும் நாடகத்தில் இல்லை! அந்த இடத்தில் விளக்கு மங்க வேண்டும். மார்வா என் காதொலியில் ‘போடு’ என்று சொல்ல வேண்டும். மார்வா சொல்லவில்லை. காதொலியில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. நான் பலகையைத் தொடவில்லை. அந்த முகத்தின் மேல் அத்தனை வெளிச்சமும் அப்படியே நின்றது. வெட்டில்லை, ஒட்டில்லை, திருத்தமில்லை, திரும்ப எடுப்பதில்லை! ஒரு மனிதன், ஒரு மேடை, ஒரு முறை! அதற்குப் பெயர் நடிப்பு இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

காட்சி முடிந்ததும் நிர்வாகி ஒப்பனை அறைக்கு ஓடிவந்தார்.

“ஆரின், வேடம் உங்களுக்குத்தான்! ஒண்ணு செய்யுங்க. அந்த ‘இன்னொரு தடவை’யைத் தொடக்க நாளன்னிக்கும் அப்படியே சொல்லிடுங்க. பிரமாதம்!”

ஆரின் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அது முடியாது. எழுதி வச்சதையே சொல்றேன். அது ஒரு தடவைதான்.”

சொன்னபடி செய்தார். தொடக்க நாளில் வசனம் ஓர் எழுத்துப் பிசகவில்லை. அந்த முன்னோட்டத்துக்குப் படப்பதிவு இல்லை, ஒலிப்பதிவு இல்லை, பார்த்தவர்கள்தாம் பதிவு. அவர்களில் நானும் ஒருவன் என்ற திமிரோடு, பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் நன்றி. ஆரின் அவர்களே, எழுந்து நில்லுங்கள். இந்தக் கைதட்டல் உங்களுக்கு. வணக்கம்!