ஐந்தாவது தாளை வைக்காத குணேஸ்வரி அம்மையாருக்கு

பணி நிறைவு பெறும் பண்பின் செல்வியே! பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக அமர்ந்து, பிறர் பேசிப் புகழ்பெறப் பேச்செழுதித் தந்த பெருந்தகையே! சொல்லைச் சுருக்கிப் பொருளைப் பெருக்கிய சீரியோரே! வணங்குகிறோம்.

இம்மடலில் பொய்ப் புகழ் கூடாது, கிள்ளான் கிடங்கு மூடிய கதையை மறைக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். விழா மேடைக்கு அது ஏற்றதன்று என நாங்கள் மன்றாடியும் நீங்கள் இசையவில்லை. நேருக்கு நேர் சொல்ல எங்களுக்கு நா எழாததால், வேறொருவர் கதைபோல் சொல்வதைப் பொறுத்தருள்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு. துறைமுகத்தில் சரக்கு குறைந்து, எங்கும் ஆட்குறைப்பு. நம் நிறுவனத்தின் கிள்ளான் கிடங்கை மூடி, முப்பத்தெட்டுத் தொழிலாளரையும் அனுப்பிவிட இயக்குநர்கள் எண்ணினர். காப்பாற்றிவிடலாம் என்று நம்பிய மேலாளர் வீரசிங்கம், இயக்குநர் கூட்டத்தில் தாம் பேச வேண்டியதைத் தயாரிக்கும்படி குணேஸ்வரியிடம் சொன்னார்.

குணேஸ்வரி நாற்காலியில் இருந்தபடியே எழுதுகிறவர் அல்லர். மூன்று வாரம் கிள்ளானுக்குப் பஸ் ஏறினார். கிடங்கின் தலைமையாள் கன்னையாவுடன் லோரிகளுக்கு நடுவே நடந்து, எந்த மூலை சும்மா கிடக்கிறது, எந்த வேலைக்கு எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டார். அவற்றைத் தொகுத்த நாற்பது பக்க அறிக்கையை, புரொஜெக்டர் விளக்கில் வைத்துக் காட்டும் ஏழு கண்ணாடித் தாள்களாகச் சுருக்கினார். முதல் நான்கில் நிலைமை. பின் மூன்றில் மாற்று வழி: பாதிக் கிடங்கை வெளியாருக்கு வாடகைக்கு விட்டு, ஆட்களை வைத்துக்கொள்வது. மேலாளரை நான்கு முறை நிற்கவைத்துப் பேசவைத்தார்.

“சேர், தாளைப் பாக்காதேங்கோ, அவையளின்ர முகத்தைப் பாருங்கோ. கடைசியில எங்களுக்கு என்ன வேணுமெண்டு கேட்டிட்டு, பேசாமல் நில்லுங்கோ.”

கூட்டத்தன்று புரொஜெக்டர் அருகே அமர்ந்து தாள் மாற்றியவரும் அவரே. நான்காவது தாளில் சரக்கு வரத்து சரிந்திறங்கும் கோட்டைக் கண்டதும் இயக்குநர் கூட்டத் தலைவர், “பிறகென்ன, மூட வேண்டியதுதானே?” என்றார். வீரசிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். “ஆமாம்” என்று உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாவது தாள் குணேஸ்வரியின் கையில் இருந்தது. விளக்கின்மேல் வைத்திருந்தால் போதும். அறையிலுள்ள அத்தனை பேரும் படித்திருப்பார்கள். ஆனால் அந்த அறையில் செயலாளர் குறுக்கிடும் வழக்கம் இல்லை. அவர் புரொஜெக்டரை அணைத்தார்.

முடிவை அறிவிக்கக் கிள்ளானுக்குப் போக மேலாளருக்கு மனம் வரவில்லை. குணேஸ்வரி தாமே போவதாகச் சொன்னார். நிர்வாகம் எழுதித் தந்திருந்த அறிவிப்பைக் கைப்பையிலேயே விட்டுவிட்டு, மாத முடிவோடு வேலை இல்லை என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். யாரும் கூச்சலிடவில்லை. கன்னையா மட்டும் முன்னால் வந்தார்.

“அக்கா, இங்க வந்து எழுதிக்கிட்டுப் போனீங்களே, அத அவங்ககிட்ட காட்டலையா?”

“காட்டேல்லை.”

“நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“இருந்தனான், கன்னையா. தாள் என்ர கையிலதான் இருந்தது.”

கன்னையா மூட்டை இறக்க உள்ளே போய்விட்டார். அன்றைய வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பிறகு அவர் சுங்கை பூலோ பக்கம் குடிபோனதாகக் கேள்வி. குணேஸ்வரி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அந்த ஆண்டுதான் சனிக்கிழமைகளில் அலுவலகப் பின்னறையில் குணேஸ்வரியின் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. குமாஸ்தா, தட்டெழுத்தர், டிரைவர் என யார் வந்தாலும் இடமுண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்று கற்பித்தவர் ஒன்றை மட்டும் வாரந்தோறும் சொன்னார்: “ஒருத்தரும் கேக்காட்டிலும் எழும்பிச் சொல்லப் பழகவேணும்.”

அம்மையே! இனி உங்கள் முகம் பார்த்தே சொல்கிறோம். தொண்ணூற்று மூன்றில் கணினி வந்து, தட்டெழுத்தர் பதினொருவரும் தேவையில்லை என்று கடிதம் வந்தபோது, எங்களுள் மிகக் கூச்சமுடைய தங்கமணி இயக்குநர்முன் எழுந்து நின்றார். தலைவர் இடைமறித்தபோது, “நான் இன்னும் முடிக்கல சார்” என்று சொல்லிவிட்டு, முழுவதையும் பேசினார். எழுவருக்குக் கணினி கற்றுத்தந்து வைத்துக்கொண்டார்கள். நால்வர் போனார்கள். நாங்கள் நன்றி சொல்ல வந்தபோது நீங்கள் சிரிக்கவில்லை. “நாலு பேர் போட்டினமே” என்றீர்கள்.

உங்கள் மனம் ஆறிவிட்டது என்று நாங்கள் எழுதப்போவதில்லை. உடல் நோவின்றி, உறக்கம் கெடாமல், நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும் என்று மட்டும் இறைவனை இறைஞ்சுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸ், 1995

தங்கமணி, சீதாலெட்சுமி, மார்க்கிரட் உள்ளிட்ட
வேலையில் மிஞ்சிய எழுவர்