ஒன்பதரை மணி ஸ்லாட்

அது நல்ல வண்டி. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, இதுவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஒருமுறை சார்ஜ் செய்தால் கம்பெனிக்காரர்கள் சொன்ன தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. கதவை மூடும்போது தகர டப்பா மாதிரி ஒரு சத்தம் வரும். அதுவும் போகப் போகப் பழகிவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் புக்கிங்தான்.

காலை பத்து மணிக்கு இணையத்தில் புக்கிங் திறந்தது. நான் என் போனிலும் மனைவி அவள் போனிலும் ஒரே நேரத்தில் முயன்றோம். எனக்குத் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுக்கு இரண்டாவது நிமிடமே கிடைத்துவிட்டது. அதனால் வண்டி அவள் பெயரில் பதிவானது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று முழுக்க, "என் கார்ல உனக்கு எந்த சீட் வேணும்னு இப்பவே மனு எழுதிக் குடுத்துடு" என்று கேலி செய்துகொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு இரண்டாம் மாதம். பெட்ரோல் வாடை மூக்கில் பட்டாலே குமட்டும். மின்சாரக் கார் வாங்கியதற்கு அது ஒரு காரணம். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டி அவளுக்காகத்தான்.

நான் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்க்கிறேன். சரக்கு லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. ஒவ்வொரு லாரிக்கும் அரை மணி நேர ஸ்லாட். பத்து நிமிடம் தாமதமானால் அந்த இடம் பின்னால் நிற்கும் லாரிக்குப் போகும். தவறவிட்டவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். டயர் வெடித்தது, பாலத்தில் நெரிசல், பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் கேட்டிருக்கிறேன். யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் பின்னால் நிற்கும் முப்பது பேருக்கு அநியாயம்.

வீட்டில் என் பெயரே ஸ்லாட்டுதான்.

"ஏன் ஸ்லாட்டு, பாப்பா சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துட்டா என்ன பண்ணுவ? வரிசையில கடைசிக்குப் போன்னு திருப்பி அனுப்பிடுவியா?"

நானும் சிரித்தேன். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

ஐந்தாம் மாதத்தில் ஷோரூமிலிருந்து முதல் அழைப்பு வந்தது. அவர்கள் சொன்ன நேரமும் அவளுடைய ஸ்கேன் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. மதியம் வரட்டுமா என்று கேட்டேன். "முடியாது சார், நீங்க வரலைன்னா லிஸ்ட்ல அடுத்தவருக்குப் போயிடும்" என்றார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஸ்கேன் முடிந்து அவளை வீட்டில் விட்டுவிட்டு ஷோரூம் பக்கம் போனேன். எங்களுக்கு வந்த வண்டியை ஒரு பல் டாக்டர் எடுத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்புறம் நின்று அவர் ஓட்டிப் போவதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை மிகவும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. அதாவது அன்றைக்கே போயிருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. இதை அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

பிறகு பதினொரு வாரம். வண்டி எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது என்று கம்பெனியின் செயலியில் பார்க்கலாம். காலையில் பல் தேய்க்கும்போது பார்ப்பேன், சாப்பிடும்போது பார்ப்பேன். வாசல் ஓரத்தில் கொட்டகை போட்டு, சுவரில் சார்ஜர் பெட்டி மாட்டினேன். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அவளைப் பார்த்துவிட்டு, "தொட்டில் வாங்கியாச்சா சார்?" என்றார். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன்.

இரண்டாவது ஸ்லாட் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை.

வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். எட்டாம் மாதம். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் கூடியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் மறுநாள் வரும் என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "தலைவலி, கண் மங்கல், மேல்வயித்துல வலி. இதுல எது வந்தாலும் யோசிக்காதீங்க, உடனே கூட்டிட்டு வந்துடுங்க." நான் அதைப் போனில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை எட்டு இருபதுக்கு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு முன்னாடி புள்ளி புள்ளியா பறக்குதுடா. தலை வேற பிளக்குது."

"ரெண்டு மணி நேரம் படுத்துக்கோ. புது வண்டிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நான் மட்டும் ஒரு டாக்சி பிடிச்சுப் போறேன். நீ போய் உன் காதலியக் கூட்டிட்டு வா."

"டாக்சி வாடை உனக்கு ஒத்துக்காது."

"இன்னிக்கு ஒத்துக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்ததால் அவ்வளவு மோசமில்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த வாக்கியத்தை உங்களிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் மூன்று முறையும் எழுதிக்கொண்டீர்கள்.

அவள் போனை எடுத்துப் பையில் வைத்தேன். அந்த வண்டிக்குத் தனியாகச் சாவி கிடையாது. வாங்குபவரின் போன்தான் சாவி. ஷோரூமில் அதை வண்டியோடு இணைத்தால்தான் கதவே திறக்கும். அவளுக்கும் இது தெரியும்.

"அப்ப உன் போனையாவது குடுத்துட்டுப் போ."

"பேங்க் ஓடிபி என் போனுக்குத்தான் வரும்."

"நல்லா இருக்குடா. ஒரு காருக்கு ரெண்டு போன். பெத்துக்கப் போறவளுக்கு ஒண்ணுமில்ல."

என் போனுக்கு அன்று எந்த ஓடிபியும் வரவில்லை. வரலாம் என்று நினைத்தேன்.

தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் வைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். தாழ்ப்பாள் போட அவள் எழுந்து வர வேண்டாம் என்றுதான் பூட்டினேன். நாங்கள் குடியிருப்பது தனி வீடு. பக்கத்து வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஒன்பது இருபதுக்கு ஷோரூமில் இருந்தேன். வண்டியை ஒரு துணியால் மூடி வைத்திருந்தார்கள். டெலிவரி பொறுப்பாளர் கழுத்துப்பட்டை கட்டிய கலகலப்பான மனிதர்.

"மேடம் வரலையா சார்? துணியை உருவுறதே அவங்கதான் செய்யணும்."

"வீட்ல காத்துட்டிருக்காங்க."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. வீட்டு வாசல்ல நிறுத்திட்டு ஹார்ன் அடிங்க. அவங்க கதவைத் திறந்து வர்றதை வீடியோ எடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. அந்த முகம் திரும்பக் கிடைக்காது சார்."

அவர் கையில் நாற்பத்திரண்டு வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டி டிக் போட வேண்டும். பதினெட்டாவது வரியில் இருக்கையைச் சரிசெய்வது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவள் போன் அடித்தது. பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஆஸ்பத்திரி நர்ஸ்.

"மேடம் இருக்காங்களா? நீங்க அவங்க வீட்டுக்காரரா? சார், ரிப்போர்ட் வந்துடுச்சு, நல்லா இல்ல. டாக்டர் உடனே அட்மிட் பண்ணச் சொல்றாங்க. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுங்களா?"

"வேண்டாம்மா. கார்லதான் இருக்கோம். கிளம்பியாச்சு."

"அப்பாடா. சீக்கிரம் வாங்க சார்."

நாற்பத்து மூன்று வினாடிகள். நான் காரில்தான் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பாளர் மரியாதையாகத் தள்ளி நின்றிருந்தார். "வீட்லேர்ந்தா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பத்தொன்பதாவது வரிக்குப் போனோம்.

நடுவில் எழுந்தால் அந்த ஸ்லாட் அடுத்தவருக்குப் போயிருக்கும். வரிசையில் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தை எனக்குத் தெரியும். கிடங்கு வாசலில் தினமும் பார்க்கிற முகம்.

பதினொன்றே முக்காலுக்குப் புறப்பட்டேன். புது வண்டியைக் கடைவீதி நெரிசலில் விட மனமில்லை. புறவழிச்சாலையில் வந்தேன். பன்னிரண்டு இருபத்தாறுக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. வலிப்பு வந்திருக்கிறது என்றார்கள், ஒருமுறை அல்ல. பெண் குழந்தை என்றார்கள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு அவள் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன். அழுதுகொண்டிருந்தேன், ஆனால் அதைச் செய்ய மறக்கவில்லை. மாலையில் மனைவியின் தம்பி வந்து என் தோளில் சாய்ந்தான். "ரிப்போர்ட் வந்ததும் ஏன் மாமா யாரும் சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா எங்கக்கா பொழச்சிருப்பாளே." யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். அவன் அவள் போனை வாங்கிப் பார்த்தான். எதுவும் இல்லை.

அந்த நர்ஸ் தான் கூப்பிட்டதாகவும் கணவர் எடுத்துப் பேசியதாகவும் சொன்னார். மச்சான் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டான். "எங்க மாமா பொய் சொல்றாரா? பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன் பொய் சொல்றாரா?" அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். இரண்டு வாரத்தில் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருபத்து நான்கு வயது இருக்கும். அவர் உங்களிடம் புகார் கொடுத்ததையும், போன் கம்பெனியிலிருந்து நீங்கள் பதிவை வாங்கியதையும் நேற்றுதான் அறிந்தேன். அவர் சொன்னது உண்மை. பேசியது நான். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தால் நல்லது.

மச்சான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறான். நேற்றுவரை கொண்டுவந்தான் என்று எழுத வேண்டும்.

இதுவரை நீங்களே கண்டுபிடித்தவை. நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது நேர்மையாகாது என்று இரவெல்லாம் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்தேன், அவள் கதவுக்குப் பின்னால் கிடந்தாள், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன் என்று முதல் வாக்குமூலத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு. நான் வந்தது பன்னிரண்டு இருபத்தாறுக்கு. நீங்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை, அல்லது வண்டியை நிறுத்த நேரமாகியிருக்கும் என்று விட்டுவிட்டீர்கள்.

வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தினேன். சத்தமில்லாமல் நடந்து போய்ப் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளவில்லை. திரும்பி வந்து ஹார்ன் இரண்டு முறை அடித்தேன். என் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவள் உடை மாற்றிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். எங்கே கிளம்பினாலும் அவளுக்கு நேரமாகும்.

அந்த வீடியோ ஒன்பது நிமிடம் ஓடுகிறது. என் போனில் இருக்கிறது, அழிக்கவில்லை. மூடிய கதவும் வண்டியின் முன்பக்கமும் மட்டும்தான் தெரியும். ஆறாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து கதவை யாரோ கையால் தட்டுவது கேட்கும். பலமாக அல்ல, கீழிருந்து. பிறகு அவள் என்னைக் கூப்பிடுவது கேட்கும். கேலிப் பெயரால் அல்ல, என் பெயரைச் சொல்லி.

அந்த இடத்தில் படம் சற்று அசையும். கதவும் வண்டியும் ஒன்றாகப் படத்தில் அடங்கவில்லை. நான் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.