தாடையில ஒத்துன கிண்ணம்

வாயில கைய வச்சிக்கிட்டுப் பேசாதீங்க சார். என் மூஞ்சியப் பாத்து மறுபடி சொல்லுங்க. ஆங்... போன தடவ அனுப்புன கிண்ணத்துல மூணு, தட்டுனா சத்தம் பிசிறடிக்குது, தியான வகுப்புக்கு ஒதவாது, அதனால இந்த நாப்பதும் வேணாம். இதானே? இதச் சொல்லவா சென்னையிலேருந்து நாச்சியார்கோயில் வரைக்கும் வந்தீங்க? நாலு மாச ஒழைப்பு சார். நீங்க வெறுங்கையோட வண்டி ஏறுனா, இந்த அம்சத்தோட பட்டறை அவ்வளவுதான்னு நாளைக்குத் தெருவே பேசும். பேசட்டும்னு விடுற ஆளு நான் இல்ல.

என்னது? இனிமே அந்தம்மாவுக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு சொன்னாங்களா? யாரு, முக்குக் கடையிலயா? ஏன்னு சொல்லலையா? சரி, விடுங்க.

உக்காருங்க. இது வெண்கலம். பழுக்கக் காய்ச்சி அடிச்சு, கடைசியா மாதுளம்பூ நெறம் வந்ததும் தண்ணியில போடணும். அந்த நெறம் வெளிச்சத்துல தெரியாதுன்னு பகல்லயே கதவச் சாத்திருவோம். ஒரு மூச்சு பிந்துனா மயிரிழை மாதிரி விரிசல் விட்டுரும், கண்ணுக்கே தெரியாது. அதப் புடிக்கத்தான் இந்த வேல. விரல் நுனியில ஏந்தி ஒரு தட்டு, ஒடனே அடிப்பக்கத்த இப்பிடித் தாடையில ஒத்தணும். நல்லதுன்னா அதிர்வு சீரா ஓடும். விரிசல் இருந்தா பல்லு கூசும். எங்க மாமியா சொல்லிக்குடுத்ததில்ல, நானாக் கண்டுபுடிச்சது. சிரிங்க, பரவால்ல.

இந்த நாப்பதுல ரெண்டு ஆகாது. அடியில சாக்பீஸ்ல குறி போட்டுத்தான் கலந்து வச்சிருக்கேன். உங்க போன்ல சத்தத்த அளக்குற ஏதோ ஆப்பு இருக்குன்னீங்களே, எடுங்க. ஒவ்வொண்ணாத் தட்டுங்க. காப்பிய மொதல்ல குடிங்க, ஆறுது.

எது, இதுவும் அந்தக் கடைசி ஒண்ணுமா? திருப்பிப் பாருங்க. குறி இருக்கா? இருக்கும்.

மீதி முப்பத்தெட்டையும் எடுத்துக்கிறீங்களா? அப்பிடி வாங்க வழிக்கு.

போன தடவ எப்பிடித் தப்பாச்சுன்னா கேக்குறீங்க? அப்ப நான் இங்க இல்ல சார். வேதாரண்யத்துல அக்கா மக கல்யாணம். என் கொழுந்தன் வீரையன்தான் தட்டிப் பாத்து அனுப்புனான். தாடையில வைடான்னு சொல்லிட்டுத்தான் போனேன். காது இருக்கையில தாடை எதுக்கு அண்ணின்னுட்டான்.

என்ன, வாசப்பக்கம் திரும்புறீங்க? ஆரன் அடிக்கிறாங்களா? உங்க வண்டியாத்தான் இருக்கும், போய்ச் சொல்லிட்டு வாங்க. எனக்கு எங்க கேக்குது, ரெண்டு காதும் போயி எட்டு வருஷமாச்சு. வீரையனுக்குத்தான் நல்லாக் கேக்கும்.