ஞாயிற்றுக்கிழமை அப்பா

— புள்ளையக் கூட்டியாரேன்னுதானே போன்ல சொன்னே ரோஸ்லின்? வெறுங்கையோட வந்து நிக்கறே.

— சளி புடிச்சிருக்குங்க. இந்தத் தூறல்ல சோளக்காடு சந்தை வரைக்கும் எதுக்கு இழுத்துட்டு வரணும்னு பக்கத்து வீட்டுச் சுகுணாகிட்ட விட்டுட்டு வந்தேன்.

— போன ஞாயித்துக்கெழமை ஹோம்வொர்க்கு. அதுக்கு முந்துன வாரம் கோயில்ல பாட்டுப் பழகறா. இப்பச் சளி. ஏம்மா, நர்சு ஊட்டுல சளிக்கு மருந்தில்லையா?

— குத்திப் பேசாதீங்க. உக்காருங்க. வேலம்மாக்கா, ரெண்டு டீ போடுங்க. அவருக்குச் சக்கரை கம்மியா.

— சக்கரைய நீங்க கம்மி பண்ணச் சொல்றீங்க சிஸ்டரம்மா, உங்க ஊட்டுக்காரரு மூஞ்சியப் பாத்தா மொளகு மூட்டையக் கடிச்சாப்புல இருக்குது. ஏன் ஜானு, தலையெல்லாம் என்ன இது, செம்மண்ணு?

— ராத்திரி மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சுருச்சுக்கா. விடிய விடிய வழிச்சுத் தள்ளிப்போட்டு, வந்த லாரியில தொத்தி ஏறிட்டேன். குளிச்சுக்கிட்டு இருந்தா புள்ளையப் பாக்கற நேரம் போயிருமேன்னு பாத்தேன். பாத்தவரைக்கும் போதுமுங்க.

— இந்தா டீ. நான் அங்கிட்டுப் போயி பலாப்பழம் எறக்கறதப் பாக்கறேன். புருசன் பொண்டாட்டி பேச்சுப் பட்டா என்ற பாலு திரிஞ்சு போவும்.

— போயிட்டாங்க. சொல்லு. மாத்தல் வந்துருச்சுன்னு சொன்னாங்களே, நெசமா?

— ஆமாங்க. அடுத்த வாரம் போய்ச் சேரணும். அருள்மொழியையும் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கியாச்சு.

— யாரைக் கேட்டு வாங்குனே?

— யாரைக் கேக்கணும்?

— பெத்த அப்பன் ஒருத்தன் ரோட்டுல மம்புட்டி புடிச்சு நிக்கறான், அவனைக் கேக்கோணும். நீ கேக்க மாட்டேன்னு தெரியும். அதனாலதான் நாமக்கல்லுக்குப் போயி அர்த்தனாரி வக்கீலப் பாத்துட்டு வந்தேன்.

— வக்கீலையா? எப்பப் பாத்தீங்க? நோட்டீஸ் அனுப்பிட்டாரா?

— அட, இரு, ஏன் பதர்றே? நம்ம ரோட்டு கேங்கு ராசப்பன் கூட்டிக்கிட்டுப் போனான். அவனுக்கும் அவன் பொண்டாட்டி பிரபாவதிக்கும் டைவர்ஸ் முடிச்சு வெச்ச வக்கீலு. எல்லாம் கேட்டேன். டைவர்ஸ் ஒரு கேசு, புள்ள வேற கேசாம். அம்மாகிட்டத்தான் புள்ள இருக்கோணும்னு ஒரு சட்டமும் இல்லையாம். ஆத்தாளுக்கு எது நல்லது, அப்பனுக்கு எது நல்லதுன்னு ஜட்ஜு பாக்க மாட்டாராம். புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாப்பாராம்.

— ரோடு ஓரத்துல தகரக் கொட்டாயில இருக்கிறீங்க. அங்க வச்சுப் பொம்பளைப் புள்ளைய வளக்கறது நல்லதுன்னு சொல்வாரா?

— சொல்லாட்டிப் போவுது. உன்கிட்டயே இருந்தாலும் வாரத்துக்கு ஒருக்கா என்ற கண்ணுல காட்டியாகோணும்னு எழுதிக் குடுப்பாராமல்ல. சளி, பாட்டு, ஹோம்வொர்க்கு எதுவும் செல்லாது. வெளியூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னாலும் கோர்ட்டக் கேக்கோணும். செவ்வாக்கெழமை நோட்டீசு கெளம்புது.

— வேணாங்க. கோர்ட்டு வேணாம். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.

— இப்பத் தெரியுதா? புள்ளைக்குச் செலவுக்கும் நான் தாரேன். கடன வாங்கியாச்சும் தாரேன்.

— நான் கேக்கவே இல்லையே. ஒரு பைசா வேணாம். நானே வளத்துக்கறேன்.

— அதுதான் எனக்குப் புரியலை. பிரபாவதி ஜீவனாம்சத்துக்கு நாயா அலையறா, நீ குடுத்தாலும் வேணாங்கறே. வக்கீலக் கேட்டேன். புள்ளைக்கு அப்பன் குடுக்கறத ஆத்தா வேணாங்க முடியாதாம். அது புள்ளையோட பாத்தியமாம்.

— உங்க வக்கீல் ஊர்ல உள்ள சட்டமெல்லாம் சொன்னாரு. நம்மளப் பத்தி அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

— என்னத்தச் சொல்றது? தவக்காலம் ஆரம்பிச்ச அன்னைக்கு நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு வந்தவ, என்ற துணியெல்லாம் பையில கட்டி வாசல்ல வெச்சுட்டா. விரதம்னு நெனச்சுக்கிட்டேன், ஈஸ்டர் முடிஞ்சா கூப்புடுவான்னு பாத்தேன். ஈஸ்டரும் போச்சு, மாம்பழமும் போச்சு, இப்பப் பலாவே எறங்குது. என்ன தப்புப் பண்ணேன்னு இன்னும் சொல்லலைன்னு சொன்னேன். ராசப்பன் சிரிக்கறான். வேற ஆளு இருக்குதோன்னு வக்கீலு கேக்கறாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அடிக்கக் கை ஓங்கிட்டேன். அப்பறம் யோசிச்சேன். ஆசுபத்திரி விழாவுல டாக்டரம்மா கேக்கறப்ப, வீட்டுக்காரர் ஹைவேஸ்ல இருக்கறார்னு சொன்னயே. டார் ஊத்தறான்னு சொல்ல வாய் வரலை. நகத்துல ஒட்டுன டார் போவாதவன் பக்கத்துல படுக்க முடியலையோ என்னமோ.

— ஏழு வருஷம் அந்தக் கையத்தாங்க மண்ணெண்ணெய் ஊத்தி நான் தேச்சு விட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அதை மட்டும் சொல்லாதீங்க.

— அப்ப வேற என்னதான்? வாயத் தொறந்து சொல்லு சாமி. தனியா இருந்து ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்தா முடிச்சிருவாங்கன்னு ராசப்பன் சொல்றான். டைவர்ஸ்தான் வேணும்னா, புள்ளையக் காட்டறேன்னு எழுதிக் குடு, நானும் எழுதித் தாரேன்.

— நமக்கு டைவர்ஸ் குடுக்க மாட்டாங்க.

— ஏன், ராசப்பன் இந்து, நம்ம சட்டம் வேறயா? நம்ம ரெண்டு வருசம் தனியா இருக்கோணுமா? நான் காத்துக்கிட்டுக் கெடக்கறேன்.

— எத்தனை வருஷம் காத்தாலும் குடுக்க மாட்டாங்க. பாருங்க, ஜட்ஜ் மொதல்ல கேக்கறது, கல்யாணம் எங்க ஆச்சுன்னு.

— கோயில்ல ஆச்சு. மூணு ஞாயித்துக்கெழமை கல்யாண ஓலை வாசிச்சாங்க, யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதான்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. என்ற கேங்கு மொத்தமும் வந்து சோறு தின்னுச்சு.

— அடுத்துக் கேப்பாரு. அதுக்கு முன்னாடி உனக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சாம்மான்னு.

— ஆயிருந்துச்சு. ஆரோக்கியராஜ். பிஷப்போட ஆயர் இல்லத்துல விசாரிச்சு, அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு தீர்ப்புக் குடுத்துட்டாங்க. தெரிஞ்சுதானே கட்டுனேன்? இதுல என்ன மூடி மறைக்கறதுக்கு இருக்குது?

— செல்லாதுன்னு கோயில் சொல்லுச்சு. கோர்ட்டு சொல்லலைங்க.

— கோயில்ல கட்டுனதக் கோயில் அவுத்து வுட்டுருச்சு. கோர்ட்டுக்கு அங்க என்ன வேலை?

— எங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு. கோர்ட்டுலயும் ஒரு டைவர்ஸ் வாங்கிருங்க ஜோசப்புன்னு பங்குச் சாமியார் சொன்னாரு. ஆண்டவர் முன்னாடி முடிஞ்சதுக்கு வக்கீல் முன்னாடி வேற போயி நிக்கணுமான்னு அப்பா விட்டுட்டாரு. நானும் விட்டுட்டேன். கவர்மெண்டு கணக்குல நான் இன்னைக்கும் ஆரோக்கியராஜ் பொண்டாட்டிதாங்க.

— அப்ப நான்?

— டீ ஆறுதுங்க, குடிங்க.

— உன்னத்தான் கேக்கறேன். அப்ப நான் யாரு?

— கல்யாணமே ஆகாத ரெண்டு பேருக்கு டைவர்ஸ் எப்படிங்க குடுப்பாங்க?

— அட ஆண்டவனே.

— கத்தாதீங்க. வேலம்மாக்கா பாக்கறாங்க.

— பாக்கட்டும். ஏழு வருசமா எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. உனக்கு எப்பத் தெரியும்?

— சாம்பல் புதனுக்கு மொத நாள். ஆரோக்கியராஜ் ஆஸ்பத்திரிக்கே வந்தான். ஊசி போட வரிசையில நிக்கற ஆளு மாதிரி நின்னான். மொத புருஷன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தனைக் கட்டிக் குடும்பம் நடத்தறேன்னு ஒரு கேஸ் குடுத்தா, உனக்கு வேலையும் போகும், ஜெயிலும் உண்டுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். நான் நம்பலை. திருச்சியில ஒரு வக்கீல்கிட்ட கேட்டேன். ஆமான்னுட்டாரு.

— வேலை போனா போவுது. நான் ஜல்லி கொட்டறேன், கஞ்சி ஊத்தறேன்.

— யாருக்கு? எனக்கும் புள்ளைக்கும் ஊத்துவீங்க. பக்கவாதத்துல கெடக்கற எங்க அப்பாவுக்கு? உங்க மேலயும் எழுதிப் போடுவான். ரெண்டு பேரும் ஜெயில்ல இருந்தா அருள்மொழி யாருகிட்ட இருப்பா?

— அவன் என்ன வேணா எழுதட்டும். புள்ள என்ற புள்ள. பொறப்புச் சர்டிபிகேட்டுல என்ற பேரு இருக்குது. பத்தலைன்னா ரத்தத்தை எடுத்துப் பாக்கட்டும். இந்தக் கையில இல்லாத ரத்தமா?

— எடுத்தா என்னன்னு வரும்?

— எம்புள்ளைன்னு வரும்!

— அதுதாங்க அவனுக்கு வேண்டிய சாட்சி. நீங்க அப்பான்னு கோர்ட்டுல ஜெயிக்கற அன்னைக்கு, நான் குத்தவாளின்னு அதே கோர்ட்டுல எழுதியாச்சுன்னு அர்த்தம். என்னை நீங்களே கட்டித் தூக்கிட்டுப் போயி அவன் கையில குடுத்த மாதிரி.

— இவ்வளவு வருசம் கழிச்சு அவனுக்கு என்ன வெறி? நீ வேணுமா?

— நான் யாருக்குங்க வேணும். ஆயர் இல்லத்துல என்ன சொல்லித் தீர்ப்பு வாங்குனேன்னு உங்களுக்குத் தெரியும்.

— அவன் ஆம்பளையே இல்லைன்னு.

— வேற வழியில்லாமச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனா அது ரூமுக்குள்ள நிக்கலை, அவன் ஊர் முழுக்கப் போயிருச்சு. டீக்கடையில அவன் உக்காந்தா எந்திரிச்சுப் போறாங்களாம். இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு அவனுக்கு எவனோ எடுத்துக் குடுத்துட்டான். கல்யாணம் உசுரோட இருக்கறப்ப பொண்டாட்டிக்குப் பொறந்த புள்ளை, புருஷன் புள்ளைதான். இல்லைன்னு நாமதான் நிரூபிக்கணும். நிரூபிச்சா நான் மாட்டிக்குவேன்.

— அப்ப அருள்மொழி...

— கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அவன் ஊர்த் திருவிழாவுல காட்டணுமாம். பாருங்கடா என் புள்ளைன்னு.

— இப்பவே லாரி ஏறறேன். மண்டையப் பொளந்துபோட்டு வாரேன்.

— பொளந்தா நீங்க கொலைகாரரு. அப்பவும் ஏன் கொன்னான்னு கேப்பாங்க, எல்லாம் வெளிய வரும். உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல.

— மாத்தல் எந்த ஊருக்கு?

— மணப்பாறைப் பக்கம்.

— அவன் ஊருக்கா?

— கேட்டு வாங்குனேன். இங்க இருந்தா, வேலம்மாக்காகிட்ட ஒரு டீ குடிச்சாப் போதும், உங்க ஊட்டுக்காரர்னு அவங்களே சாட்சி சொல்லுவாங்க. இந்த மலையில எனக்கும் உங்களுக்கும் சாட்சி இல்லாத ஒரு வளைவு இருக்குதா? அவன் வீட்டுக்கு எதுத்தாப்புல தனி வீடு பாத்திருக்கேன். அங்க வந்தா கேஸ் குடுக்க மாட்டேன்னான், என்னைத் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன். தொட அவனுக்கும் ஆசையில்லை. அவனுக்கு வேண்டியது புள்ளை ஒண்ணுதான்.

— ஒத்துக்கிட்டயா? நான் சம்பாதிச்சதை எடுத்து ஒருத்தனுக்குக் குடுக்கறாப்புல, என்ற புள்ளைய எடுத்து... உனக்கு எப்படிச் சாமி மனசு வந்துச்சு?

— மனசு வரலைங்க. வேற வழி வரலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே மாத்தலக் கேன்சல் பண்றேன்.

— இப்பக் கோர்ட்டுல போட்டு அவன்கிட்ட இருந்து டைவர்ஸ் வாங்கேன்.

— போட்டா அவனுக்கு நோட்டீஸ் போகும். அடுத்த நாளே அவன் கேஸ் குடுப்பான். வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் வேலை இருக்காது.

— சரி. இரு. எனக்கு ஒண்ணு தோணுது. வக்கீலு கடைசியா ஒண்ணு சொன்னாரு. ஜட்ஜு புள்ளையத் தனியா ரூமுக்குக் கூப்பிட்டுக் கேப்பாராம். மிட்டாயி குடுத்து, உங்கப்பா யாரு கண்ணு, உனக்கு யாருகிட்ட இருக்கப் புடிக்கும்னு. சட்டம் என்னமோ சொல்லட்டும் ரோசு. புள்ள வாயில இருந்து வந்தா எந்த ஜட்ஜுக்கும் மனசு எளகும். ஸ்கூல் வேன்ல போறப்ப என்னையக் கண்டா எப்படிக் கத்துவா தெரியுமில்ல? பாதி ஒடம்பு ஜன்னலுக்கு வெளிய வந்துரும். அப்பாஆன்னு அந்த வளைவு தாண்டறவரைக்கும் கேக்கும். கேங்குல அத்தனை பேரும் மம்புட்டிய ஊனிட்டு நின்னு சிரிப்பாங்க.

— கடைசியா எப்பங்க கத்துனா?

— எப்பன்னா... முந்தாநேத்துக்கூட வேன் போச்சு. பாத்தா. கையக் காட்டுனா. காத்து அடிச்சுது, ரோடு ரோலர் வேற ஓடுச்சு. எனக்குக் காதுல வுழுவலை. கூப்பிட்டிருப்பா.

— கூப்பிடலைங்க.

— வேனுக்குள்ள நீயா இருந்தே?

— ஈஸ்டர்ல இருந்து தெனம் ராத்திரி செபம் முடிச்சதும் சொல்லிக் குடுக்கறேன். மொதல்ல அழுதா, இப்ப அழறதில்லை. கெளம்பறதுக்கு முன்னாடி கண்டிப்பாக் கூட்டிட்டு வர்றேன். உங்களை மாமான்னு கூப்பிட்டா, புள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.